சென்ட்டைச் சொன்னால் வேலிக் கணக்கு வராது

“அண்ணா, அஞ்சு சென்ட்டு இருக்குது. எத்தன கல்லு, எவ்ளோ கம்பி ஆவும்?”

கிருஷ்ணகிரியில் ஏதாவது கம்பிக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும். கடைக்காரரும் பழக்கத்தில் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். பர்கூர் பக்கத்தில் என் மாமா அப்படித்தான் வாங்கினார். மூன்று பக்கம் கட்டி முடித்து நான்காவது பக்கத்துக்கு வந்தபோது பாதியிலேயே கம்பி தீர்ந்துவிட்டது. மறுபடி வாங்கி வருவதற்குள் ஆடுகள் புகுந்து, அத்தை போட்டிருந்த கத்தரியையும் அவரைக் கொடியையும் மொட்டையடித்துவிட்டன. மாமாவுக்குக் கடைக்காரர்மேல் கோபம். எனக்கு அவர்மேல் தவறு இருப்பதாகத் தோன்றவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு யாராலும் சரியான விடை சொல்ல முடியாது.

வீட்டுப் பின்பக்கத்துக்கு வேலி போட நினைக்கிறவர்கள் கடைக்குப் போகும் முன்பே வேலிக்காலாக நடும் கல், கம்பி, சிமென்ட் மூன்றையும் கணக்கிட்டுக்கொள்ளலாம். கூட்டலும் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

சாலையில் காயும் ராகி

அறுப்பு முடிந்ததும் எங்கள் பக்கம் ராகியைத் தார்ச்சாலை ஓரத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். ஒரு மூட்டை ராகியைக் களத்தில் வட்டமாகப் பரப்பி, கோழி வராமல் சுற்றிக் கயிறு கட்டுங்கள். அதே மூட்டையைச் சாலை ஓரத்தில் நீளமாக, ஒடுக்கமாகப் பரப்பிச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். ராகி அதேதான். கயிறு மட்டும் இரண்டாவது முறை அதிகம் பிடிக்கும்.

ராகி பிடித்த இடம் பரப்பளவு. சென்ட்டும் ஏக்கரும் அதைத்தான் சொல்கின்றன. கயிறு ஓடிய நீளம் சுற்றளவு. வேலி என்பது கயிறு.

எண்ணில் பார்ப்போம். 1 சென்ட் என்பது 435.6 சதுர அடி. 5 சென்ட் 2,178 சதுர அடி. இதே 5 சென்ட் 33 அடிக்கு 66 அடியாக இருந்தால் சுற்றளவு 198 அடி. 22 அடிக்கு 99 அடியாக இருந்தால் 242 அடி. சாலைக்கும் ஓடைக்கும் நடுவில் பட்டையாக 18 அடிக்கு 121 அடியாக மாட்டிக்கொண்ட இடமென்றால் 278 அடி. மூன்றுக்கும் பட்டாவில் ஒரே அளவுதான் இருக்கும். ஆனால் முதல் இடத்துக்கும் மூன்றாவதுக்கும் 80 அடி வேலி வித்தியாசம். ஐந்து வரிசைக் கம்பி கட்டினால் 400 அடிக் கம்பி. மாமாவின் இடம் நீளப்பட்டை. கடைக்காரர் மனதில் இருந்தது சதுரமான மனை.

ஆகவே முதலில் சென்ட்டை மறந்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்தின் நீளத்தையும் அடியில் எழுதிக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாக் கணக்கும் அந்த நீளங்களிலிருந்துதான் பிறக்கும்.

அளக்கும்போது தடுக்கும் இடங்கள்

நம் ஊரில் ஒரே நிலத்துக்கு நான்கு மொழி பேசுகிறோம். பட்டாவில் ஹெக்டேரும் ஏரும். வாய்ப்பேச்சில் சென்ட். சர்வே வரைபடமான புலப்படத்தில் மீட்டர். கல் நடுகிறவர் கையில் அடி டேப். மீட்டரை அடியாக்கும்போது பலரும் ‘மீட்டருக்கு மூன்றடி’ என்று மனக்கணக்கு போட்டுவிடுகிறார்கள். 1 மீட்டர் 3.28 அடி. 40 மீட்டர் பக்கத்தை 120 அடி என்று எழுதினால், உண்மையில் அது 131 அடி. ஒரு பக்கத்திலேயே 11 அடி காணாமல் போய்விடும்.

மேடு பள்ளத்தைப் பற்றி ஒரு பயம் பரவலாக இருக்கிறது. ‘சரிவான இடம், கம்பி நிறையப் பிடிக்கும்’ என்பார்கள். நூறு அடி தூரத்தில் பத்தடி ஏறும் சரிவில் வேலியின் நீளம் 100.5 அடிதான். இருபதடி ஏறினாலும் 102 அடி. நீளத்தில் சரிவு செய்யும் வேலை அவ்வளவே. சரிவு வேறு இடத்தில் கை வைக்கும்: இரண்டு கல்லுக்கு நடுவில் தரை பள்ளமாக இருந்தால் அடிக்கம்பிக்குக் கீழே நாயும் பன்றியும் நுழையும் சந்து விழும். அந்த இடத்தில் கூடுதலாக ஒரு துண்டுக் கம்பியோ ஒரு கல்லோ வேண்டும். அளந்துகொண்டே நடக்கும்போது அப்படிப்பட்ட பள்ளங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் டேப்பைப் பிடிக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் சர்வேயரை வைத்து அளந்து, பக்கத்து நிலத்துக்காரரையும் கூட நிற்க வைத்துவிடுவது நல்லது.

கணக்குக்கு ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொள்வோம். பின்பக்கம் மூன்று பக்கம்தான் வேலி. நான்காவது பக்கம் வீட்டுச் சுவரே. இடப்பக்கம் 45 அடி, பின்னால் 36 அடி, வலப்பக்கம் 45 அடி. இடப்பக்கத்தில் வீட்டை ஒட்டி 4 அடிக்கு ஒரு கேட். கேட்டைக் கழித்தால் இடப்பக்கம் 41. ஆக வேலியின் நீளம் 41, 36, 45 கூட்டி 122 அடி.

விரல்களும் சந்துகளும்

உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். ஐந்து விரல், நான்கு சந்து. நேராகப் போகும் வேலியிலும் இதே கணக்குதான்: சந்து எத்தனையோ அதைவிட ஒரு கல் கூடுதல். நான்கு பக்கமும் சுற்றி வந்து தொடங்கிய கல்லிலேயே முடியும் வேலி என்றால் அது பாசிமணி மாலை மாதிரி. மணியும் சந்தும் சம எண்ணிக்கை. நம் மாதிரி வீட்டு வேலி சுவரில் தொடங்கிச் சுவரில் முடிகிறது. அது விரல் கணக்கு.

ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் உள்ள தூரத்தை இடைவெளி என்கிறோம். வீட்டு வேலிக்கு 8 அடி இடைவெளி பொதுவாகப் போதும். பலரும் தவறுகிற இடம் இதுதான்: மொத்த நீளத்தை 8-ஆல் வகுத்துவிடுகிறார்கள். மூலையில் கட்டாயம் ஒரு கல் வேண்டும். 8 அடிக் கணக்கு மூலைக்கு மூன்றடி முன்னாலோ பின்னாலோ போய் நிற்கும். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக வகுக்க வேண்டும்.

இடப்பக்கம் 41 அடி. எட்டால் வகுத்தால் ஐந்து சந்தும் ஓர் அடி மிச்சமும் வரும். அந்த ஓரடிக்காக ஆறாவது கல் வாங்குவது வீண். ஐந்து சந்தாகவே வைத்து ஒவ்வொன்றையும் 8.2 அடியாக்கிவிடலாம். பின்பக்கம் 36 அடி. நான்கு சந்து வைத்தால் ஒன்று 9 அடி ஆகும், கம்பி தொய்யும். ஐந்து வைத்தால் 7.2 அடி. ஐந்தே நல்லது. வலப்பக்கம் 45-க்கு ஆறு சந்து, தலா 7.5 அடி. எட்டு என்பது வழிகாட்டி எண். பக்கத்துக்குத் தகுந்தபடி கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். ஒரே பக்கத்துக்குள் இடைவெளிகள் சமமாக இருந்தால் கம்பியும் ஒரே சீராக இழுபடும்.

இப்போது எண்ணுங்கள். சுவரை ஒட்டி ஒரு கல், கேட்டின் மறுபக்கம் ஒரு கல். அங்கிருந்து இடப்பக்கத்தில் ஐந்து, பின்பக்கத்தில் ஐந்து, வலப்பக்கத்தில் ஆறு. மொத்தம் 18 கல்.

மண்ணுக்குள் போகும் பாகம்

தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் நடுகற்களின் நாடு. வீரனின் உருவம் செதுக்கிய அந்தக் கற்களில் பலவற்றைத் தர்மபுரி அகழ்வைப்பகத்தில் வெளியே எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே போனால் ஒன்றைக் கவனியுங்கள்: சிற்பத்துக்குக் கீழே செதுக்காமல் விட்ட பாகம். அது மண்ணுக்குள் போவதற்காக விட்டது. கல் நட்டவர்கள் அந்தப் பாகத்தையும் சேர்த்துத்தான் கல்லைத் தேர்ந்திருக்கிறார்கள்.

வேலிக்கு வாங்கும் கல்லுக்காலுக்கும் இதே விதி. ஐந்தடி உயர வேலி வேண்டும் என்று ஐந்தடிக் கல் வாங்கி வந்தால், நட்டபின் வெளியே மூன்றரை அடிதான் தெரியும். கல்லின் நீளத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை உள்ளே போக வேண்டும். 7 அடிக் கல்லை 2 அடி ஆழத்தில் நட்டால் 5 அடி வெளியே நிற்கும். நான் அதைத்தான் சொல்வேன். செம்மண் பூமியில் இரண்டடி நன்றாகப் பிடிக்கும். மழைக்கு ஊதி, வெயிலுக்கு வெடிக்கும் கரிசல் மண் என்றால் இன்னும் அரையடி ஆழம் போங்கள், கல்லும் அதற்கேற்ப நீளமாக வேண்டும். அடியில் பாறை தட்டும் இடங்களும் நம் பக்கம் ஏராளம். கல் வாங்கும் முன் இரண்டு மூன்று இடத்தில் கடப்பாரையால் குத்திப் பார்த்துவிடுங்கள்.

பட்டியலில் விட்டுப்போகிற இன்னொரு பொருள் முட்டுக்கல். அதன் தேவையைப் புரிந்துகொள்ளத் துணிக்கொடியைப் பாருங்கள். இரண்டு கம்பத்துக்கு நடுவில் கொடியை இழுத்துக் கட்டி ஈரத்துணியைப் போட்டால் இரண்டு கம்பமும் உள்பக்கமாகச் சாயும். நடுவில் மூன்றாவது கம்பம் ஒன்று இருந்தால் அது சாயாது. இரு பக்கமும் சமமாக இழுபடுவதால் நேராக நிற்கும். வேலியிலும் நடுக்கற்களுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. ஓரக்கல்லையும் மூலைக்கல்லையும் கேட் கல்லையும் தாங்க யாரும் இல்லை. இழுப்புக்கு எதிராகச் சாய்வாக ஊன்றும் தாங்கு கல்தான் முட்டுக்கல். மூலையில் இரண்டு திசையிலிருந்தும் இழுப்பு வருவதால் மூலைக்கு இரண்டு. நம் வேலியில் இரண்டு மூலைக்கு நான்கு, கேட் கல்லுக்கு ஒன்று, வலப்பக்கம் சுவரை ஒட்டி முடியும் கல்லுக்கு ஒன்று. ஆக 6.

இதுவரை வந்த கணக்கு: நேர்க்கல் 18, முட்டுக்கல் 6, மொத்தம் 24.

கம்பி: அடியில் கட்டுகிறோம், கிலோவில் வாங்குகிறோம்

குழப்பம் அதிகம் உள்ள இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கம்பியின் கனத்தைக் கேஜ் என்ற எண்ணால் சொல்கிறார்கள். எண் கூடக் கூடக் கம்பி மெலியும். முதல்முறை கேட்கிறவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். தட்டார் பட்டறையில் தங்கக் கம்பி இழுப்பதைப் பார்த்தவர்களுக்குப் புரிந்துவிடும். எஃகுத் தகட்டில் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் துளைகள் இருக்கும். கம்பியை ஒவ்வொரு துளையிலும் விட்டு இழுக்க இழுக்க அது மெலிந்து நீளும். எத்தனை முறை இழுத்தார்கள் என்பதிலிருந்து பிறந்த எண்தான் கேஜ். பத்து முறை இழுத்ததைவிடப் பதினான்கு முறை இழுத்தது மெல்லியது.

12 கேஜ் கம்பியின் விட்டம் 2.64 மில்லிமீட்டர், 14 கேஜ் 2.03. பார்வைக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமான வித்தியாசம்தான். எடையில் அப்படியில்லை. 12 கேஜ் ஒற்றைக் கம்பி ஒரு மீட்டருக்குச் சுமார் 43 கிராம். 14 கேஜ் சுமார் 25 கிராம். அதாவது அதே ஒரு கிலோவுக்கு மெல்லிய கம்பி 1.7 மடங்கு நீளம் கிடைக்கும். ஒரு கடையில் கிலோ விலை குறைவு, இன்னொன்றில் அதிகம் என்று மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை. எந்தக் கேஜ், கிலோவுக்கு எத்தனை மீட்டர் என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

முள்கம்பியில் இரண்டு இழை முறுக்கி, நடுவில் முள் கோத்திருக்கும். 12 கேஜில் இரண்டு இழையே 86 கிராம். முள் நெருக்கமாக இருந்தால் எடை கூடும், எட்டி இருந்தால் குறையும். நல்ல வழி, கடையில் ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டிய துண்டை மின்தராசில் வைத்துப் பார்ப்பது. மாதிரிக்கு மீட்டர் 120 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

நம் வேலி 122 அடி. ஐந்து வரிசை என்றால் 610 அடி. ஆனால் வேலி கட்டுகிறவர்கள் ஒவ்வொரு சந்திலும் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்கே இரண்டு கம்பி இழுப்பார்கள். வரிசைகளை விலக்கி ஆள் நுழையாமல் அது தடுக்கும். இதைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். ஏழரை அடி அகலம், நான்கடி உயரத்துக்குக் குறுக்குக் கம்பி ஒன்று எட்டரை அடி. இரண்டுக்குப் 17 அடி. நமக்கு 16 சந்து. 272 அடி! நேர்வரிசைக் கம்பியில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. மொத்தம் 882 அடி, அதாவது 269 மீட்டர். 120 கிராமால் பெருக்கினால் 32 கிலோவும் கொஞ்சமும்.

வலை வேலி, நம் ஊரில் செயின் லிங்க் என்கிறார்களே, அதன் கணக்கு சுலபம். குறுக்குக் கம்பி கிடையாது. வழக்கமாக 50 அடி ரோலாக வரும். 122 அடிக்கு மூன்று ரோல். 28 அடி மிஞ்சும். வெட்டித் தருகிற கடையாகப் பாருங்கள், இல்லையென்றால் மிச்சத்தைக் கோழிக்கூண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு ரோலை இணைக்க ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கட்ட வேண்டியதில்லை. ஓர் இழையை முறுக்கி உருவி, இரண்டு ஓரத்தையும் சேர்த்து மறுபடி கோத்தால் ஒரே வலையாகிவிடும். அதனால் இணைப்புக்கென்று நீளம் கூட்டத் தேவையில்லை. வலை தொய்யாமல் இருக்க மேலும் கீழும் ஓடும் இழுகம்பி மட்டும் தனியாக வாங்க வேண்டும்: 122 அடிக்கு இரண்டு வரிசை, 244 அடி.

கட்டிய கம்பியில் மின்சாரம் விடுவதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. அப்படிப்பட்ட வேலிகளில் மனிதர்களும் சாகிறார்கள், சில நேரம் சொந்த வீட்டுப் பிள்ளைகளே. வீட்டு லைனிலிருந்து வேலிக்கு ஒயர் இழுக்கவே வேண்டாம்.

ஒரு படியும் ஒரு படியும் இரண்டு படி ஆகாது

குழிக்குப் போடும் கலவையைக் கணக்கிடும் முன் ஒரு சோதனை. ஒரு படி நிலக்கடலையில் ஒரு படி ராகியைக் கொட்டிக் குலுக்குங்கள். இரண்டு படி வராது. கடலைகளுக்கு நடுவில் இருக்கும் சந்துகளில் ராகி போய் உட்கார்ந்துகொள்ளும். ஜல்லிக்குள் மணலும், மணலுக்குள் சிமென்ட்டும் அப்படித்தான் உட்காரும். அதனால் தனித்தனியாக அளந்த பொருளின் மொத்தக் கன அளவு, கலந்தபின் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும்.

வேலிக் குழிக்கு 1:3:6 கலவை போதும். அதாவது சிமென்ட் ஒரு பங்கு, மணல் மூன்று, ஜல்லி ஆறு. 50 கிலோ சிமென்ட் மூட்டை சுமார் ஒன்றேகால் கன அடி. அதற்கு மணல் மூன்றே முக்கால், ஜல்லி ஏழரை. கூட்டினால் 12.5 கன அடி. கலந்தால் சுமார் 8 கன அடிதான் நிற்கும். ‘ஒரு மூட்டைக்கு எட்டு கன அடி’ என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரடி சதுரம், இரண்டடி ஆழம் கொண்ட குழி 2 கன அடி. ஐந்து அங்குலச் சதுரக் கல் அதில் 0.35-ஐப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் 1.65 கன அடிக்குத்தான் கலவை. 18 குழிக்கு 30 கன அடி. முட்டுக்கல் குழிகளுக்குத் தலா ஒன்று வைத்தால் 6. மொத்தம் 36. எட்டால் வகுத்தால் நாலரை, அதாவது 5 மூட்டை சிமென்ட். அதற்கு மணலோ எம்-சாண்டோ 19 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 38 கன அடி. மணலும் ஜல்லியும் யூனிட்டில் விற்கிறார்கள். ஒரு யூனிட் 100 கன அடி. நமக்கு ஜல்லி அரை யூனிட்டுக்கும் குறைவு, மணல் கால் யூனிட்டுக்கும் குறைவு. வீடு கட்டும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொண்டால் லோடு வாடகை மிச்சம்.

ஆனால் குழி சொன்ன அளவில் அமையாது. சரளை மண்ணில் கடப்பாரை போட்டால் ஓரம் உதிர்ந்து 12 அங்குலக் குழி 15 ஆகிவிடும். மூன்று அங்குலம்தானே என்று தோன்றும். அகலத்திலும் நீளத்திலும் மூன்று மூன்று கூடும்போது குழி 2 கன அடியிலிருந்து 3.1-க்குப் போய்விடுகிறது. கல் பிடிக்கும் இடம் மாறாததால் கூடுதல் முழுக்கக் கலவைக்குத்தான்: 1.65 இருந்த இடத்தில் 2.8. எல்லாக் குழியும் இப்படி ஆனால் ஐந்து மூட்டை எட்டு மூட்டையாகிவிடும். குழி தோண்டி முடித்து, டேப் வைத்து அளந்து, அதன்பிறகு சிமென்ட் வாங்குவது உத்தமம். கல்லையும் கம்பியையும் முன்பே வாங்கலாம். சிமென்ட்டை மட்டும் கடைசியில் வாங்குங்கள்.

சேதாரம்

நகைக்கடையில் சேதாரம் என்று ஒரு வரி வரும். வேலை நடக்கும்போது வீணாகும் பங்கு. வேலியிலும் உண்டு, ஆனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே சதவீதம் போடுவது தவறு. கம்பி கல்லைச் சுற்றி வளைக்கும் இடத்திலும் முடிச்சிலும் போகும்; நூற்றுக்கு ஐந்து கூட்டினால் நம் 32 கிலோ 34 ஆகும். கல்லில் உள்விரிசல் ஓடியிருந்தால் இறக்கும்போதே ஒடியும். 24-க்கு ஒன்று கூடுதலாக, 25 வாங்குங்கள். கம்பியைக் கல்லோடு பிணைக்கும் கட்டுக்கம்பி ஓரிரு கிலோ மிஞ்சினாலும் வீட்டில் உதவும். சிமென்ட்டில் கூடுதலாக வாங்காதீர்கள். மிஞ்சினால் ஈரம் பிடித்துக் கட்டியாகிப் போகும்.

கடைசியாக வண்டி. கருங்கல் ஒரு கன அடி சுமார் 75 கிலோ. ஐந்து அங்குலச் சதுரத்தில் ஏழடிக் கல் ஒன்று ஏறக்குறைய 90 கிலோ. 25 கல் என்றால் இரண்டேகால் டன். முக்கால் டன் ஏற்றும் குட்டியானை வண்டியில் மூன்று நடை. கல் எடுக்கும் இடத்திலேயே வாடகையையும் இறக்குக் கூலியையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். வண்டி பின்பக்கம் வரை போகுமா என்று முன்கூட்டியே பாருங்கள். போகும் என்றால் எல்லாக் கல்லையும் ஒரே இடத்தில் குவிக்க விடாமல், இடப்பக்கத்துக்கு ஏழு, பின்னால் ஐந்து, வலப்பக்கம் ஆறு என்று குழிகளுக்குப் பக்கத்திலேயே படுக்கவைக்கச் சொல்லுங்கள். முட்டுக்கல் மூலைக்கு இரண்டு, கேட்டுக்கு ஒன்று, வலப்பக்கச் சுவரோரம் ஒன்று. உபரிக் கல்லைச் சுவரோரம் தனியாகப் போடுங்கள். 90 கிலோ கல்லை நாற்பதடி தூரம் மறுபடி தூக்க இரண்டு ஆள் போதாது.